காதணியோடு நிறுத்தப்பட்ட வரலாறு

பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் மாதர் விழாக்களிலும் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. பெருந்திரளான கூட்டம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பேசுகிறார். இந்திய விடுதலைக்கு உங்களால் இயன்றதைத் தாருங்கள் என்கிறார். கூட்டத்தில் நின்ற ஓர் இளம்பெண் தன் காதிலிருந்த தங்கத் தோடுகளைக் கழற்றிக் கொடுக்கிறாள். அவள் பெயர் ஜானகி. பேசும் மாணவி இந்த இடத்தில் தன் காதைத் தொட்டுக் காட்டுவாள். அவை கைதட்டும். பரிசும் பெரும்பாலும் அவளுக்கே கிடைக்கும்.

நிகழ்ச்சி பொய்யன்று. ஜானகி தேவர் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தது உண்மை. ஆயினும் எழுதுவோர் பலர் அப்பொழுது அவருக்கு வயது பதினாறு என்கின்றனர். கோலாலம்பூரில் அவர் பிறந்தது 1925 பிப்ரவரி 25. நேதாஜி சிங்கப்பூரில் வந்திறங்கியது 1943 ஜூலை 2. கூட்டல் கழித்தல் அறிந்த நான்காம் வகுப்பு மாணவன் பதினெட்டு என்று விடை சொல்வான். இரண்டு ஆண்டு பெரிய பிழையன்று என்று சிலர் கருதக்கூடும். ஆனால் அப்பிழை ஏன் இத்தனை பேர் கைகளில் திருத்தப்படாமல் உலவுகிறது? பதினாறு என்றால் அவள் குழந்தை. குழந்தை உணர்ச்சிவயப்பட்டுக் கொடுத்தாள் என்று கதை அமைகிறது. பதினெட்டு என்றால் அவள் எண்ணித் துணிந்தவள் ஆகிவிடுகிறாள். எண்ணித் துணிந்த பெண்ணை மேடையில் நிறுத்திக் கைதட்ட இச்சமுதாயத்துக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

குற்றச்சாட்டு இதுதான். ஒரு படையின் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்தவர், போருக்குப்பின் நோயுற்ற மக்களிடையே தொண்டாற்றியவர், நாட்டின் முதன்மையான இந்தியர் அரசியல் கட்சி தோன்றத் துணைநின்றவர், நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தவர் ஒரு சோடித் தோட்டுக்குள் அடக்கப்பட்டுவிட்டார். பெண்ணிடம் நகையைக் கேட்பதும், அவள் கழற்றிக் கொடுத்தால் புகழ்வதும் தமிழர்க்குப் பழகிப்போன செயல்கள். கணவன் கடனுக்குக் கொடுத்தாள், தம்பி படிப்புக்குக் கொடுத்தாள், நாட்டுக்கும் கொடுத்தாள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். வீட்டு ஒழுங்கு எதுவும் கலையாது. அவள் துப்பாக்கியை எடுத்தாள், ஆணையிட்டாள், கட்சிக் கூட்டத்தில் கருத்துச் சொன்னாள், சட்டம் இயற்றும் அவையில் வாக்களித்தாள் என்று சொன்னால்தான் கலைகிறது.

தோட்டைக் கொடுத்த மறுநாள் நடந்ததைச் சொல்வோர் குறைவு. வசதியான குடும்பத்தில் வளர்ந்த அப்பெண் படையில் சேர விரும்பினார். தந்தை மறுத்தார். நகை போனது பொறுக்கத்தக்கது. பெண் போவது பொறுக்கத்தக்கதன்று. நீண்ட வாதாட்டத்துக்குப் பின்னரே அவர் இசைந்தார். அந்த வீட்டுக்குள் நடந்த வாதாட்டம் ஜானகி புரிந்த முதற்போர் எனலாம். எதிரில் நின்றவர் ஆங்கிலேயர் அல்லர், பெற்ற தகப்பனார். பேச்சுப் போட்டிக்கு எழுதித் தருவோர் இந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகின்றனர் என்பதை விளக்க வேண்டியதில்லை. முன்வரிசையில் தந்தையர் அமர்ந்திருப்பார்கள்.

1943 ஜூலை 9-ஆம் நாள் சிங்கப்பூர்த் திடலில் நேதாஜி பெண்களுக்கென ஒரு படை வேண்டுமென்று அறிவித்தார். 1858-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு மாண்ட ஜான்சி ராணி இலட்சுமிபாயின் பெயர் அதற்கு இடப்பட்டது. சென்னையில் மருத்துவம் பயின்று, 1940-இல் சிங்கப்பூர் வந்து ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாளே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. துப்பாக்கி சுடுதல், கத்தி செருகிய துப்பாக்கியால் குத்துதல், கையெறிகுண்டு வீசுதல், நெடுவழி நடத்தல், காயமுற்றோரைப் பேணல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. கட்டளைகள் இந்துஸ்தானியில் ஒலித்தன. அந்த மொழியை முன்பின் கேட்டறியாத தமிழ்ப் பெண்கள் அதை உரோமன் எழுத்தில் எழுதிப் பழகினர். சொகுசாக வளர்ந்த ஜானகிக்கு முகாம் வாழ்க்கை தொடக்கத்தில் பொறுக்கவில்லை. பின்னர்ப் பழகினார், உயர்ந்தார். கேப்டன் லட்சுமிக்கு அடுத்த இடத்தைப் பெற்றார்.

அப்படையில் எத்தனை பேர் இருந்தனர் என்பதில் ஆய்வாளரிடையே ஒற்றுமையில்லை. ஆயிரம் என்பார் உளர். ஐந்நூறைத் தாண்டாது என்பாரும் உளர். எண் எதுவாயினும் அவர்களில் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். விடியலுக்கு முன் பெரட்டுக்கு ஓடி, மண்டோரின் அதட்டலில் நடுங்கி, கிராணி வரும்போது ஒதுங்கி, துரையின் முகத்தை நிமிர்ந்தும் பாராத லயத்துப் பெண்கள். பால்வாளி தூக்கிய தோள்களில் துப்பாக்கி ஏறியது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்டனர். தோட்டத்தில் சாதிக்கொரு லயமும் கோயிலில் சாதிக்கொரு மூலையும் வைத்திருந்த காலத்தில், அந்தச் சோற்று வரிசை போர்ப்பயிற்சிக்குச் சற்றும் குறைந்த புரட்சியன்று. சாதிச் சங்கங்கள் இன்றும் விழா எடுக்கும் சமுதாயத்தில் இதனை அழுத்திச் சொல்வாரைக் காணோம்.

மறுப்புரைகள் உண்டு. அவற்றை ஒளித்து வைத்துப் புகழ் பாடுவது நேர்மையன்று.

முதல் மறுப்பு, கண்ணால் கண்டிராத நாட்டுக்காக இவர்கள் ஏன் போரிட்டனர் என்பது. கோலாலம்பூரில் பிறந்த பெண்ணுக்கு டில்லி செங்கோட்டை எந்த வகையில் உறவு? வினா கூர்மையானதுதான். ஆனால் அதைக் கேட்போர் மறந்துவிடுவது ஒன்றுண்டு. மலாயாவில் தமிழனை ஆண்டதும் தமிழகத்தில் தமிழனை ஆண்டதும் ஒரே கொடி. தோட்டத்துத் துரையின் அதிகாரத்துக்கு வேர் இலண்டனிலும் டில்லியிலும் இருந்தது. கங்காணி ஆள்கட்டிக் கப்பலேற்றியதற்கும் அந்த ஆட்சியே இசைவு தந்தது. வேரை வெட்டப் போனவளை, உன் வீட்டு முற்றத்துக் கிளையை ஏன் வெட்டவில்லை என்று கேட்பது பொருந்துமா? அன்றியும், போர் முடிந்தவுடன் அவர் மலாயாவிலேயே நின்று இந்த மண்ணின் அரசியலில் இறங்கினார். வினாவுக்கு அவர் வாழ்க்கையே விடை சொல்லிவிட்டது.

இரண்டாம் மறுப்பு, அப்படை முன்னணியில் நின்று போரிடவே இல்லை என்பது. உண்மை. இம்பால் போர்முனைக்குச் செல்லத் துடித்தவர்கள் பின்தளத்திலேயே நிறுத்தப்பட்டனர். போர் தோல்வியாய் மாறியது. ஆயுதம் ஏந்தி ஆயத்தமாய் நிற்பவன் அனுப்பப்படவில்லை என்றால் அவன் கோழையாகிவிடுவதில்லை. ஆணுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பவர், பெண்ணுக்கு மட்டும் வேறு தராசு எடுப்பது ஏன்?

மூன்றாம் மறுப்பே கடுமையானது. இவர்கள் யாருடன் கைகோத்தனர்? ஜப்பானியருடன். அதே ஜப்பானியர்தாம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாம்-பர்மா எல்லைக் காட்டுக்கு அனுப்பினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அம்மரண ரயில் பாதையில் காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் சேர்ந்து பல பத்தாயிரம் தமிழரைத் தின்றன. தண்டவாளத்தின் இரு முனைகளும் காட்டுக்குள் வந்து இணைந்தது 1943 அக்டோபரில். சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டதும் அதே மாதத்தில். ஒருபுறம் தமிழ்ப் பெண்கள் வணக்க அணிவகுப்பு நடத்தினர். மறுபுறம் தமிழ் ஆடவரின் உடல்கள் காட்டில் கிடந்தன. இதனை எழுதும்போது எந்த எழுதுகோலும் சற்றுத் தயங்கும்.

தயங்கவும் வேண்டும். தற்காலிக அரசு தன் மக்களை அந்தக் காட்டிலிருந்து மீட்க இயலவில்லை. அந்தப் பழி வரலாற்றில் நிற்கட்டும். அதைத் துடைத்துக் காட்ட முயல்வது இறந்தோருக்குச் செய்யும் இரண்டாம் கேடு. ஆனால் அப்பழியைப் பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில் வைப்பவர், அதே காலத்தில் தோட்டங்களின் நிலை என்னவென்று பார்க்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கே உணவு. சாக்கே உடை. ரயில் பாதைக்கு ஆள்பிடிக்க வருவோருக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்கள் பலர். பசிக்குச் சேர்ந்தவரும் உளர். கொள்கைக்குச் சேர்ந்தவர், பசிக்குச் சேர்ந்தவர், உயிருக்கு அஞ்சிச் சேர்ந்தவர் என எல்லாரும் கலந்ததே அப்படை. இதைச் சொன்னால் வீரம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர்தாம் தோட்டுக் கதையோடு நிறுத்திக்கொள்கின்றனர். வெறும் தங்கத்தாலான கதையில் ரத்தமும் இல்லை, மலமும் இல்லை, காலராவும் இல்லை.

1945 ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு இரங்கூனிலிருந்து பின்வாங்கல் தொடங்கியது. தலைமையகத்தோடு புறப்பட்ட ராணிப் படையினரின் பொறுப்பு ஜானகியிடம் இருந்தது. பகலில் நேச நாட்டு விமானங்கள் சுட்டன. ஆகவே இரவில் நடந்தனர். பாலங்கள் உடைந்து கிடந்தன. வண்டிகள் சேற்றில் புதைந்தன. அவற்றை விட்டுவிட்டு நடந்தனர். நேதாஜியும் அவர்களோடு நடந்தார். தமக்கு மட்டும் வண்டி தேடிக்கொள்ளாமல், பெண்கள் பாதுகாப்பாய் முன்சென்றனரா என்று பார்த்தே நகர்ந்தார் என்பதை அவருடன் வந்தோர் பதிந்துள்ளனர். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து அவர்கள் பாங்காக் சேர்ந்தனர். மற்றொரு பிரிவினர் சென்ற ரயில் வழியில் தாக்கப்பட்டு, ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு ராணிகள் உயிரிழந்தனர். தோடுகளின் பெயரை அறிந்த மாணவியர் இவ்விரு பெயர்களை அறிவரா?

இருபது வயதில் ஒரு பெண், தோற்ற படையின் மிச்சத்தை எதிரியின் வான்தாக்குதலுக்கு இடையே ஆறுகளைக் கடந்து அழைத்து வந்தார். வெற்றி பெற்ற படையை நடத்துவது எளிது. தோற்றுத் திரும்புவோரைச் சிதறாமல் நடத்துவதே தலைமைக்குத் தேர்வு. மேடைக்கு இதைவிடச் சிறந்த காட்சி வேண்டுமா?

போர் முடிந்த பின்னர் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தார். அவ்வாண்டில் இந்தியத் தேசியக் காங்கிரசின் மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்து, பஞ்சத்தாலும் நோயாலும் நொறுங்கிக்கிடந்த இந்தியரிடையே பணியாற்றியபோது ஜானகி அதிற் சேர்ந்தார். படையில் இருந்தவர் மருந்துப் பெட்டியோடு தோட்டம் போனது இறக்கமா ஏற்றமா என்பதை வாசகரே முடிவு செய்யலாம். அவ்வாண்டு ஆகஸ்டில், ஈப்போ வழக்கறிஞரும் போஸ் இயக்கத்தில் இருந்தவருமான ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்தார். அதற்குத் துணைநின்றவர்களில் ஜானகி ஒருவர்.

இன்று ம.இ.கா. என்றால் நினைவுக்கு வருவது வேறு. 1946-இல் அது வேறு. 1947-இல் அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றத்தில் சேர்ந்து, மக்களுக்கென ஓர் அரசியலமைப்பை வரைந்தோருடன் நின்ற கட்சி அது. அவ்வாண்டு அக்டோபர் 20-இல் நாடெங்கும் நடந்த கடையடைப்பும் அந்தக் கூட்டணியின் செயல். அதே காலத்தில் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. தோட்டங்கள்தோறும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. படையில் நிமிர்ந்து நிற்கப் பழகியவன் லயத்துக்குத் திரும்பியதும் குனிய மறுத்தான். தோற்ற படை டில்லியைப் பிடிக்கவில்லை. தோட்டத்துத் துரையின் தூக்கத்தைப் பிடித்தது. 1948-இல் அவசரகாலம் வந்து அத்தனையையும் அமுக்கியது.

பிறகு தேர்தல் காலம் வந்தது. 1955-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளரில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். குடியுரிமை பெறாத இந்தியர் பெருந்தொகையினர். போட்டியிடற்குரிய 52 இடங்களில் கூட்டணி ம.இ.கா.வுக்குக் கொடுத்தது இரண்டு. இரண்டே இருக்கைக்கு எத்தனை கைகள் நீண்டிருக்கும்! அந்தக் கைகளில் வளையல் அணிந்த கைக்கு இடம் எங்கே?

ஒப்புநோக்குக்கு ஒன்றைச் சொல்லலாம். ஜானகியின் தலைவி கேப்டன் லட்சுமியின் அன்னை அம்மு சுவாமிநாதன், இந்திய அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். 1952-இல் திண்டுக்கல் தொகுதி மக்களின் வாக்கைப் பெற்று மக்களவைக்குச் சென்றார். லட்சுமியின் மகள் சுபாஷிணி அலி 1989-இல் கான்பூரில் வென்று மக்களவைக்குச் சென்றார். லட்சுமியே 2002-இல், தம் எண்பத்தேழாம் வயதில், குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். தோல்வி உறுதியென்று தெரிந்தே நின்றார். ஒரே படையின் முதல் தளபதியின் குடும்பத்துக்கு வாக்குப்பெட்டி திறந்தது. இரண்டாம் தளபதிக்கு இங்கே திறந்தது டேவான் நெகாரா என்னும் மேலவையின் கதவு. அக்கதவுக்குத் திறவுகோல் மக்களிடம் இல்லை. சிலரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தனுப்புகின்றன. பிறரை மாமன்னர் நியமிக்கிறார். மேலவை வீணான அவை என்பது வாதமன்று. அங்கும் சட்ட முன்வரைவு படிக்கப்படுகிறது, வினாக்கள் எழுகின்றன, அமைச்சர் விடையிறுக்கிறார். ஆனால் ஆணையிட்டுப் பழகியவர்க்குச் சிறப்பு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, அதனால் பெண்ணுரிமை பேணப்பட்டதென்று சமுதாயம் மனநிறைவு கொண்டதே, அதுதான் கேட்கத்தக்கது.

மனநிறைவின் அளவைக் காண வேண்டுமாயின் அவரைப் பற்றிய கட்டுரைகளைப் புரட்டலாம். தோட்டுக்கு ஒரு பத்தி. சீருடைக்கு ஒரு பத்தி. நேதாஜியுடன் எடுத்த படத்துக்கு ஒரு பத்தி. இறுதியில், பின்னாளில் செனட்டரானார் என்று ஒரே வரி. ஒரு மனிதர் சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்ததற்கு ஒரு வரி! அவையின் பேச்சுக் குறிப்புகள் ஏடேடாக அச்சாகி இருக்கின்றன. மலாய்மொழியில் தேர்ந்த தமிழிளைஞர் ஆயிரக்கணக்கில் பட்டம் பெற்று வெளிவருகின்றனர். அவர்களில் ஒருவரை அந்த ஏடுகளின் முன் உட்காரவைத்து, அம்மையார் எழுந்து பேசிய நாள்களை எழுதி வாங்க ஒரு சங்கத்துக்குக்கூட நேரமில்லையா? விழா மலருக்கு வாழ்த்துச் செய்தி கேட்டு அமைச்சர்களின் செயலாளர்களைத் துரத்த நேரம் இருக்கிறதே.

அவருடன் அதே படையில் இருந்த இராசம்மா பூபாலன், பின்னாளில் ஆசிரியராகி, ஆணுக்குரிய ஊதியம் பெண்ணாசிரியர்க்கும் வேண்டுமென்று சங்கம் அமைத்துப் போராடினார். இன்று சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்க்கும் பெண்ணாசிரியர் எத்தனை பேர் அந்தத் தாளுக்குப் பின்னால் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி இருப்பதை அறிவர்? படையில் கற்றதைப் பள்ளியிலும் கட்சியிலும் அவையிலும் செலவிட்டவர்கள் அவர்கள். கற்றது மட்டும் புகழப்படுகிறது. செலவிட்டது கணக்கில் வரவில்லை.

ஜானகி 1949-க்கு முன்னும் பின்னும் இந்நாட்டு அரசியலின் நடுவே வாழ்ந்தவர். அவர் கணவர் ஆதி நாகப்பன் ம.இ.கா.வின் துணைத் தலைவராய் இருந்தவர். ஊராட்சி மன்றங்களை ஆராய 1965-இல் அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அக்குழு ஊராட்சித் தேர்தல் மீண்டும் வேண்டும் என்றது. அரசு அதனை ஏற்கவில்லை. தோட்டத்தையும் சிற்றூரையும் சேர்ந்த பெண்ணொருத்தி மக்களின் வாக்கில் முதற்படி ஏறத்தக்க ஏணி அதுவே. அந்த ஏணி எடுக்கப்பட்டது ஜானகியின் வரலாற்றுக்குத் தொடர்பில்லாத செய்தியன்று.

இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. எந்த நாட்டின் விடுதலைக்காகப் படையில் சேர்ந்தாரோ அந்த நாடு, அவர் சேர்ந்து ஐம்பத்தேழு ஆண்டு கழித்து நினைந்தது. 2014 மே 9-இல், எண்பத்தொன்பதாம் வயதில், தம் இல்லத்தில் அவர் காலமானார். அதன் பின்னரும் பேச்சுப் போட்டிகள் நடக்கின்றன. மாணவி இன்னும் காதைத் தொட்டுக் காட்டுகிறாள். எழுதித் தரும் ஆசிரியர் அடுத்த முறை அந்தத் தோட்டை முதல் வரியிலேயே கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய ஐந்து நிமிடத்தையும் தந்தையுடன் நடந்த வாதாட்டத்துக்கும், இரங்கூன் சாலைக்கும், மருந்துப் பெட்டிக்கும், மேலவை நாற்காலிக்கும் கொடுக்கட்டும். ஸ்டெல்லாவையும் ஜோசபினையும் மறவாமல் சேர்க்கட்டும். பரிசு கிடைக்காமற் போகலாம்.